இணைப்பில் ஒழுகும் நல்ல தண்ணீர்

பி.ஏ.பி. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது கரையில் ஒரு நண்டு வளை இருந்தாலும் நடுச்சாமத்தில் மண்வெட்டியுடன் ஓடி அடைக்கிற உழவர், தன் மாட்டுக் கொட்டகையின் கூரை ஓரத்தில் மாட்டிய வாய்க்கால் மூன்று இடத்தில் ஒழுகுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் வாய்க்கால்தான். இன்னும் சொல்லப்போனால், திருப்பூர், பல்லடம், பொங்கலூர், காங்கயம் பகுதிகளில் கூரையிலிருந்து இறங்கும் தண்ணீரே தோட்டத்தில் உள்ளவற்றுள் மிகச் சுத்தமான தண்ணீர். அது ஒழுகிப் போவது தகரத்தின் நடுவிலோ தொட்டியின் சுவரிலோ அல்ல. ஒரு துண்டு வாய்க்காலும் அடுத்த துண்டும் சேரும் இணைப்பில்தான். தகரக் கடையில் 'கட்டர்' என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த வாய்க்காலின் இணைப்பைப் பற்றியே இங்குப் பேச்சு.

கூரை போடுவதற்கும் சிமென்ட் தொட்டி கட்டுவதற்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள், இணைப்புக்கு வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஏதோ ஒரு பசையைப் பூசி விட்டால் போதும் என்பது பொருத்துகிறவரின் எண்ணம். முதல் மழைக்கு ஒழுகாமலிருந்தால் போதும் என்பது வேலை கொடுத்தவரின் எண்ணம். இரண்டும் தவறு.

நொய்யலின் கதையை இப்பகுதி உழவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் இந்த ஆற்றில் பனியன் தொழிலின் சாயக்கழிவு பல ஆண்டுகள் கலந்தது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகவே 1992ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே, அந்த அணையின் தண்ணீர் வேண்டாம் என்று பாசன உழவர்களே சொல்லும் நிலை ஏற்பட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றனர். சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006ல் தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன் பிறகு சுத்திகரிப்பு முறைகள் வந்தன. ஆயினும் மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பு நீதிமன்ற உத்தரவுக்கு வெளியேறுவதில்லை. ஆற்றோரக் கிணறுகளில் அது இன்னமும் இருக்கிறது. ஆற்றிலிருந்து தள்ளியுள்ள ஊர்களிலோ சாயம் இல்லாவிட்டாலும் ஆழ்குழாய்க் கிணற்றின் தண்ணீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் வருகிறது. ஆயிரம் அடி ஆழம் துளைத்தும் பால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு உட்காருகிற தண்ணீரே கிடைத்தவர்கள் பலர்.

இந்தத் தண்ணீரைக் கால்நடைகள் எந்த அளவுவரை தாங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புகள் கரைந்திருந்தால் எல்லாக் கால்நடைகளுக்கும் நல்லது. 3000 மில்லிகிராமைத் தாண்டினால் கோழிகளுக்கு எச்சம் நீர்த்துப்போகும், வளர்ச்சி குன்றும். 5000க்கு மேல் போனால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் கொடுக்காமலிருப்பதே நலம். 10,000ஐத் தாண்டிய தண்ணீர் எந்தக் கால்நடைக்கும் ஆகாது. மழைத்தண்ணீரில் உப்பு மிகமிகக் குறைவு. ஆகவே, 4000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீர் ஒரு குடத்துடன் கூரைத் தண்ணீர் ஒரு குடத்தைக் கலந்தால் உப்பு 2000ஆகக் குறைந்துவிடும். ஒரு குடம் நல்ல தண்ணீர் இரண்டு குடம் நல்ல தண்ணீரின் வேலையைச் செய்கிறது. அதைத்தான் இணைப்பு வழியே மண்ணில் விடுகிறோம்.

எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். தோட்டத்திலேயே நாலு தறி, ஆறு தறி போட்டிருக்கும் சிறு உழவர்கள் இங்கு ஏராளம். 40 அடி நீளம், 20 அடி அகலமுள்ள ஒற்றைச் சாய்ப்புத் தறிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டு, தெறித்தும் ஆவியாகியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 35,000 லிட்டர் நிற்கும். (கூரையின் சரிவை அளக்கக்கூடாது, கூரை மூடியிருக்கும் தரையின் அளவையே எடுக்க வேண்டும்.) 10,000 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்புவதற்கு 170 மில்லிமீட்டர் மழை போதும். ஐப்பசி, கார்த்திகை ஒழுங்காகப் பெய்தால் தொட்டி நிரம்பிவிடும். நாளொன்றுக்கு 60 லிட்டர் வீதம் குடிக்கும் இரண்டு மாடுகளுக்கு அது 80 நாளைக்கு வரும். கிணற்று நீருடன் சரிபாதி கலந்தால் 160 நாள். தை பிறந்து கோடை முடியும் வரையில் என்று சொல்லலாம்.

"மழை கொட்டும்போது கொஞ்சம் ஒழுகினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டும் மழைக்கு அந்தக் கேள்வி சரிதான். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் மேற்சொன்ன கூரையில் 3700 லிட்டர் இறங்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஒழுகும் இணைப்பில் அந்த ஒரு மணியில் போவது 120 லிட்டர். அது பெரிதல்ல. ஆனால் இந்தப் பகுதியில் பெய்யும் மழை எல்லாம் கொட்டும் மழையா? 5 மில்லிமீட்டர் தூறல் இரண்டு மணி நேரம் நின்று பெய்தால் கூரையில் கிடைப்பது 370 லிட்டர்தான். அதே இணைப்பு அதில் 240 லிட்டரைக் குடித்துவிடும். தொட்டிக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு. ஓட்டை பெருமழையில் கண்ணுக்குத் தெரியாது. சிறுமழையில் மொத்தத்தையும் விழுங்கும். மழை குறைந்த ஆண்டில் வருவதெல்லாம் சிறுமழைதான். தண்ணீர் மிகவும் தேவைப்படும் ஆண்டிலேயே இணைப்பு மிகுதியாகத் திருடுகிறது. அதிலும் வடிகுழாய்க்குப் பக்கத்தில் உள்ள இணைப்பு மேலேயுள்ள முழுக் கூரையின் தண்ணீரையும் சுமப்பது. ஒரே ஓர் இணைப்பைத்தான் சரிசெய்ய முடியும் என்றால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஒழுகும் தண்ணீர் நிலத்தில்தானே இறங்குகிறது, நட்டம் என்ன என்பது இன்னொரு வாதம். 2003ல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பெரும்பாலான வீடுகளில் கூரைத் தண்ணீரைக் குழிக்குள் இறக்கும் முறையே பின்பற்றப்பட்டது. நிலத்தடி நீர் இனிப்பாக உள்ள ஊருக்கு அது நல்ல ஏற்பாடு. உவர்நீர் உள்ள தோட்டத்தில் நிலைமை வேறு. இங்கு இறங்கும் நல்ல தண்ணீர் கீழேயுள்ள உப்பு நீருடன் கலந்து மறைந்துவிடுகிறது. திரும்ப இறைக்கும்போது உப்பு நீராகவே மேலே வருகிறது. எனவே முதலில் தொட்டி, தொட்டி நிரம்பி வழிவது கிணற்றுக்கு என்ற வரிசையே இப்பகுதிக்கு ஏற்றது. மேலும், இணைப்பில் ஒழுகும் தண்ணீர் கிணற்றுக்கும் போவதில்லை. சுவரடியில் விழுந்து அஸ்திவாரத்தை ஊறவைக்கிறது. சட்டத்தை இற்றுப்போகச் செய்கிறது. தறிக்கூடமானால் மின் கம்பிக்கும் ஆபத்து.

இணைப்பு ஏன் விடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எப்படி அடைப்பது என்பது தானாகத் தெரியும். பசை மட்டமானது என்று குற்றம் சொல்வது எளிது. உண்மையான காரணம் வெயில். சித்திரை வெயிலில் மத்தியானம் தகரத்தின்மேல் கை வைக்க முடியாது. அந்த நேரத்தில் கோடை மழை ஒன்று இறங்கினால் சில நிமிடங்களில் அது 30 டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் சுருங்கும். 40 அடி நீளத் துத்தநாகத் தகர வாய்க்கால் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கும். பி.வி.சி. வாய்க்கால் ஏறத்தாழ அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது ஓர் அங்குலம் சுருங்கும். மழை வருகிற அதே நேரத்தில் இணைப்பு இழுபட்டு வாய் திறக்கிறது. இழுவைக்கு இடம் கொடுக்காத எதுவும் அங்கே நிலைக்காது. சிமென்ட் கலவை வெடிக்கிறது. கல்லாக இறுகும் எம்-சீல் போன்றவை சிறு துளை அடைக்க உதவும்; நீளமான பி.வி.சி. வாய்க்காலின் இணைப்பில் வைத்தால் ஓராண்டுக்குள் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். தார் வெயிலில் இளகி வழிகிறது, பிறகு காய்ந்து வெடிக்கிறது. தண்ணீரிலும் வாடை ஏறுகிறது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது நம்மவர்களின் கைவைத்தியம். ஒரு பருவத்துக்கு அது போதும், அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது.

துத்தநாகத் தகரத்தில் இணைப்புப் போடும்போது மேல்துண்டின் முனை கீழ்த்துண்டின் உள்ளே அமர வேண்டும். ஓடு வேய்கிற அதே முறைதான். தண்ணீர் ஓடும் திசையில் படி இறங்க வேண்டுமே தவிர எதிர்த்து ஏறக்கூடாது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த எளிய விதியே பல கொட்டகைகளில் தலைகீழாக இருக்கிறது. மேற்படிவு 2 அங்குலத்துக்குக் குறையலாகாது. 3 அங்குலம் நல்லது. புதுத் தகரத்தின்மேல் எண்ணெய்ப் பசை இருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து நன்றாகக் காய விட வேண்டும். சிலிகான் பசையை மேலே பூசுவது வேலையல்ல. இரு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று அமரும் இடத்தில், குறுக்கே இரண்டு வரிகளாக விட்டு, அதன்பின் அழுத்திச் சேர்த்து, ஒன்று முதல் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு ரிவிட் அடிக்க வேண்டும். பிதுங்கி வரும் பசையை விரலால் வழித்து விளிம்பின்மேலும் ரிவிட் தலைகளின்மேலும் தடவிவிட வேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும்.

சிலிகானிலும் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியவில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வினிகரின் புளிப்பு வாடை அடிக்கும் வகை. கண்ணாடிக்கு அது பொருந்தும். துத்தநாகப் பூச்சை அதிலுள்ள அமிலம் அரிக்கும். சிமென்ட் தொட்டியிலும் சரியாக ஒட்டாது. 'நியூட்ரல்' என்று அச்சிட்ட வகையையே கேட்டு வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடும். ஆனால் ஒரு கூரைக்கு வேண்டிய அளவை நினைத்தால் அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. பழைய சிலிகானின்மேல் புதிய சிலிகான் ஒட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு குழாய் பசையை வாங்கி, சென்ற ஆண்டுப் பசையின்மேல் தடவிவிட்டு, மறுபடியும் ஒழுகுகிறதே என்று நொந்துகொள்வதில் பயனில்லை. பழையதைக் கத்தியால் சுரண்டி முழுவதும் எடுத்த பிறகே புதியது. சுரண்டும்போது துத்தநாகப் பூச்சு உரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய தகரவேலைக்காரர்கள் ஈயப் பற்று வைத்து இணைப்பார்கள். கைத்திறன் உள்ளவர் வைத்தால் அது உறுதியான இணைப்புத்தான். ஆனால் சாதாரணப் பற்றில் காரீயம் கலந்திருக்கிறது. மனிதரோ மாடோ குடிக்கும் தண்ணீர் அதன்மேல் ஓடக்கூடாது. சணலில் சிவப்பு ஈயம் குழைத்து வைப்பதற்கும் இதே தடை.

பி.வி.சி. வாய்க்காலுக்கு வேறு முறை. கடையில் விற்கும் இணைப்புத் துண்டில் ரப்பர் பட்டை இருக்கும். அதில் பசையே வேண்டாம். வாய்க்கால் நீண்டு சுருங்குவதற்காக உள்ளே ஒரு கோடு போட்டிருப்பார்கள். முனை அந்தக் கோடுவரை போனால் போதும். இறுகட்டும் என்று முழுவதும் தள்ளி முட்டவைத்தால் வெயிலில் நீண்டு இணைப்பையே பிதுக்கித் தள்ளிவிடும். 10 அடித் துண்டு ஒன்றுக்குக் கால் அங்குல இடைவெளி தேவை. ரப்பரில் வழுக்குவதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவாமல் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

சிறு உழவர்களில் பலர் பாசனக் குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாய்க்காலாக மாட்டுகிறார்கள். செலவு குறைந்த நல்ல யோசனை இது, குறை சொல்வதற்கில்லை. குழாய்க்குரிய கரைசல் பசையால் ஒட்டினால் ஒட்டு நன்றாகவே பிடிக்கும். ஆனால் 40 அடி முழுவதும் ஒரே துண்டாகிவிடுகிறது. ஓர் அங்குலம் நகர அதற்கு இடம் வேண்டும். ஆகவே நடுவில் ஒரே இடத்தில் மட்டும் இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகளில் தளர்வாக உட்கார விட வேண்டும். பட்டைக்கு ஆணி அறைந்தால் ஆணி இருக்கும் இடத்தில் கிழியும். முடிந்தால் வடிகுழாயை ஓர் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைப்பது நல்லது. இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதித் தண்ணீர் வருவதால் எந்த இணைப்பும் முழுச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை.

தாங்கும் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று அடிக்கு ஒன்று வேண்டும். ஒவ்வோர் இணைப்பின் இரண்டு பக்கமும் அரை அடிக்குள் ஒவ்வொன்று வேண்டும். 10 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்தால் போதும். நடுவில் தொய்வு விழுந்தால் இணைப்பில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரில் நிற்கும் பசை வெகு நாள் உழைக்காது. வேப்ப இலையும் அங்கேதான் சேரும், கொசுவும் அங்கேதான் முட்டையிடும். தொட்டியையும் இதே காரணத்துக்காக இறுக மூடி வைக்க வேண்டும்.

அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கு ஆறோ ஏரியோ கிடையாது. வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கூரை விளிம்பில் தகரத்தைத் தொங்கவிடாமல், கூரையின்மேலேயே கல்லால் சிறு வரப்புக் கட்டிச் சுண்ணாம்பு பூசித் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்புகிறார்கள். தொங்கும் துண்டுகளும் இல்லை, துண்டுகளுக்கு இடையே இணைப்பும் இல்லை. நம் தகரக் கூரைக்கு அது ஒத்துவராது. ஆனால் அதிலுள்ள பாடம் ஒத்துவரும்: இணைப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய ஒழுக்கும் குறையும். 6 அடித் துண்டுகள் ஏழை வாங்கிக் கோப்பதைவிட, தகடு மடிக்கும் பட்டறையில் சொல்லி அவர்களால் முடிந்த அதிக நீளத்தில் மடித்து வாங்கலாம். பல கொட்டகைகளில் இணைப்புகள் பாதியாகிவிடும். சிமென்ட் சீட் கூரையாக இருந்தால் வாய்க்கால் மாட்டுவதற்காக அதை உலர்ந்த நிலையில் அறுப்பதும் ராவுவதும் கூடாது. கல்நார்த் தூசு மார்புக்கு ஆகாது.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில் பறவை எச்சமும் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசும் வரும். அன்று 150 லிட்டர் அளவுக்கு வெளியே விட்டுவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்ப வேண்டும். வெளியே விட்டதும் வீணில்லை, முருங்கைக்குப் போகட்டும். பூச்சிமருந்து தெளிப்பவர்கள் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம். கடின நீரில் சில மருந்துகள், குறிப்பாகக் களைக்கொல்லிகள், வீரியம் குறைகின்றன. ஏக்கருக்கு 200 லிட்டர் என்பது இந்தத் தொட்டிக்குப் பெரிய பளுவல்ல.

வேலைக்கு உகந்த காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசி முதல் பாதியும். ஐப்பசி பிறந்து மேகம் கூடிய பிறகு பசை காயாது. தீபாவளி நெருங்கினால் தகர வேலை தெரிந்தவர்களும் கைக்குக் கிடைப்பதில்லை. கம்பெனிக் கொட்டகைகளுக்குப் போய்விடுவார்கள். உச்சி வெயிலில் தகரம் நீண்டிருக்கும்போது இணைக்காமல், காலை எட்டு ஒன்பது மணிக்குள் இணைப்பது நல்லது.

கூலி கொடுப்பதிலும் ஒரு முறை வேண்டும். நெய்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எந்தக் கம்பெனியும் பில் பாஸ் செய்வதில்லை. கூரை வாய்க்காலை மட்டும் பார்க்காமலே கணக்குத் தீர்க்கிறோம். மானியத்தில் கட்டித் தரும் இடங்களிலும் தொட்டியின் நீள அகலத்தை அளக்கிறார்களே தவிர இணைப்பைச் சோதிப்பதில்லை. மதிப்பீட்டிலேயே அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். சோதனை மிகச் சுலபம். பசை காய்ந்த மறுநாள் வடிகுழாயின் வாயைத் துணியால் அடைத்து, வாய்க்காலில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இணைப்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துச் சாக்குக் கட்டியைத் தேய்த்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், ஒழுகும் இடத்தில் கட்டிப் பூச்சு கருத்துக் காட்டும். உயரமான மேல்முனைவரை தண்ணீர் எட்டாது. அங்குள்ள இணைப்புகளில் துணியைத் திறந்துவிட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கருத்த இடத்தைப் பென்சிலால் குறித்து, தண்ணீரை வடித்துக் காயவைத்து, அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். மேலே பூசி மூடச் சொல்லக்கூடாது. கூலியில் கடைசிப் பாகத்தை இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கொடுப்பது என்று வேலை தொடங்கும்போதே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.